டுக்ஸின் பன்னிரண்டாவது தோல்வி

எங்கள் பல்கலைக்கழகத்தில் பெரிய மனுஷன் ஆக ஒரே வழிதான் உண்டு. பாஸாகாமல் இருக்க வேண்டும். கேலி இல்லை, சத்தியமாகத்தான் சொல்கிறேன். மாணவர்களில் அதிக வருஷம் பெயர் பதிந்தவன் யாரோ அவன்தான் டுக்ஸ், எல்லாருக்கும் தலைவன். அவன் கையெழுத்தில்லாமல் இலையுதிர்கால விழா எதுவும் நடக்காது. துணைவேந்தர் யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் டுக்ஸ் தெருவில் வந்தால் புதுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக ஒதுங்குவார்கள். அப்பேர்ப்பட்ட மகாராஜாவைக் கட்டிக்கொள்ளத்தான் நான் ஏழு வருஷமாகக் காத்துக் கிடந்தேன். என் தலையெழுத்து.

அவன் பெயர் எவரிஸ்தோ. வயது முப்பது, படிப்பு சட்டம். எல்லாப் பாடத்தையும் எப்போதோ முடித்துவிட்டு ஒன்றே ஒன்றைப் பாக்கி வைத்திருந்தான், ரோமானியச் சட்டம். அது முதல் வருஷப் பாடம். "அந்த அபெலார்து கிழவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது இசௌரா, வேணும்னே கவுத்துடறார்" என்பான். நானும் நம்பினேன். நம்பிக்கொண்டே என் படிப்பை முடித்து, கீழ்த்தெரு மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். மாணவர் அங்கியைத் துவைத்தால் ராசி போய்விடுமாம், பன்னிரண்டு வருஷத்து மழையும் ஒயினும் அதில் ஊறிக் கிடந்தன. அந்த நாற்றத்தோடுதான் நாங்கள் காதலித்தோம்.

செப்டம்பரில் எனக்கு லிஸ்பனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நவம்பரில் சேர வேண்டும். அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவை பாஸானா ரெண்டு பேரும் போறோம், கல்யாணம் பண்ணிக்கிறோம். இல்லேன்னா நான் மட்டும் போறேன். அப்புறம் என்னைத் தேடி வராதே."

"ராப்பகலா படிச்சிக்கிட்டுதானே இருக்கேன் கண்ணு" என்றான். முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் டுக்ஸின் இலையுதிர்கால அறிவிப்பு ஊர்ச் சுவரெங்கும் ஏறியது. எங்கள் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் ஒட்டினார்கள். வருஷா வருஷம் அதை அவன்தான் எழுதுவான், ராஜ சாசனம் மாதிரி ஷரத்து ஷரத்தாக. புதுப் பிள்ளைகள் காலில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு போகும் ஊர்வலம் வியாழக்கிழமை. தேவாலயப் படிக்கட்டில் கிதார்ப் பாட்டு. ஒவ்வொரு புதுசும் தனக்கு ஒரு ஞானத்தகப்பனையோ ஞானத்தாயையோ சீனியர்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பரில் கஷ்கொட்டை சுட்டுத் தின்பது. இதெல்லாம் வழக்கமான சமாசாரம். கடைசி வரியில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

"புதன் காலை பதினொன்று, ஐந்தாம் கூடம்: ரோமானியச் சட்ட வாய்மொழித் தேர்வில் டுக்ஸ் அவர்களின் பன்னிரண்டாவது தோல்வி. அனைவரும் வருக."

வாய்மொழித் தேர்வு எங்கள் ஊரில் பொதுவில் நடப்பது, யாரும் போய் உட்காரலாம். அதற்காக அழைப்பா அடிப்பார்கள்? நேரே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கௌதென்சியோ பசை வாளியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பத்து வருஷக்காரன், அடுத்த டுக்ஸ் அவன்தான்.

"என்னடா இது, தோத்துப் போறதுக்கு ஒரு விழாவா?" என்று உள்ளேயிருந்து வந்த எவரிஸ்தோவைக் கேட்டேன்.

"சும்மா தமாஷுக்கு எழுதினது. பசங்க எதிர்பார்ப்பாங்க இல்ல?"

"எதிர்பார்க்கிறாங்க, எதிர்பார்க்கிறாங்க" என்றான் கௌதென்சியோ. அவன் எதை எதிர்பார்த்தான் என்பது அவன் மூஞ்சியிலேயே தெரிந்தது. "நானும் பத்து வருஷமா மாடா உழைச்சு ஃபெயிலாகிட்டிருக்கேன் இசௌரா. என் கஷ்டத்தை யாரு கேட்டா?"

அந்த வெள்ளிக்கிழமை அபெலார்து ப்ரொஃபசர் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்தார். வேலையில் அவருக்கு அது கடைசி வருஷம். கடையில் வேறு யாரும் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"ப்ரொஃபசர், எவரிஸ்தோ மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"கோபமா? அந்த ஆளு என்னை விட்டுத் தொலைஞ்சா போதும்னு நான் மெழுகுவத்தி ஏத்தாத குறை."

"அப்புறம் ஏன் பாஸ் போட மாட்டேங்கறீங்க?"

"எதுக்கும்மா போடறது? பேரை எழுதுறார், கீழே ஒரு கோடு போடுறார், வெள்ளைத் தாளை நீட்டிட்டுப் போயிடறார். வருஷா வருஷம் அதே கதை. இருபதுக்கு ஒன்பதரை எடுத்தா பாஸ் மார்க் பத்தாக்கலாம். பூஜ்யத்தை நான் என்ன பண்ணட்டும்? அதான் இந்தத் தடவை வாய்மொழித் தேர்வு வச்சேன். அதிலயும் வாயைத் திறக்க மாட்டார், பாரு."

வெள்ளைத் தாள். ஏழு வருஷம் நான் அந்த ஆளுக்காக முட்டி தேய ஜெபம் பண்ணியிருக்கிறேன், பரீட்சைக்குப் போகும்போது சூப் வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழியாமல் உரித்து, மடித்து, மாத்திரைப் பையில் போட்டேன்.

"இதைப் படிச்சுப் பாருங்க ப்ரொஃபசர்."

"நான் சுவத்துல ஒட்டறதைப் படிக்கிறதில்லையே."

"இதுல உங்க பாடம்தான் இருக்கு" என்றேன்.

புதன்கிழமை ஐந்தாம் கூடத்தில் எள் போட இடமில்லை. சீனியர்கள் அங்கியோடு பெஞ்சில், புதுப் பிள்ளைகள் தரையில். எவரிஸ்தோ மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ரோமானியச் சட்டத்தோட மூலங்கள் எவை?" என்று தொடங்கினார் ப்ரொஃபசர்.

"தெரியாதுங்க" என்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். கூடமே கைதட்டியது.

"பன்னிரண்டு பலகைச் சட்டம்னா என்ன?"

"ஏதோ தச்சு வேலைன்னு நினைக்கிறேன்." மறுபடி கைதட்டல். கௌதென்சியோதான் பலமாகத் தட்டினான்.

ப்ரொஃபசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து அறிவிப்பை எடுத்து விரித்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"நானேதான்."

"நாலாவது ஷரத்து. 'மாலைக்குள் ஞானத்தகப்பன் கிடைக்காத புதுசு ஆளில்லாப் பொருள், முதலில் கைவைத்தவனுக்குச் சொந்தம்.' இது தப்பு."

எவரிஸ்தோவின் கழுத்து சிவப்பதை நான் பார்த்தேன்.

"என்ன தப்பு?"

"முதல் ஷரத்துல புதுசுங்க எல்லா சீனியருக்கும் பொதுச் சொத்துன்னு எழுதியிருக்கீங்க. பொதுச் சொத்து எப்படி ஆளில்லாச் சொத்தாகும்? முதல் வருஷப் பையன்கூட இப்படி எழுத மாட்டான். சட்டம் தெரியாம ஆணை போட்டா இப்படித்தான்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் தப்பித்திருப்பான். ஆனால் இருநூறு குடிமக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ராஜா தன் ஆணை தப்பென்று ஒத்துக்கொள்வான்?

"மூணாவது ஷரத்தைப் படிச்சீங்களா?" என்று எழுந்து நின்றான். "சாயங்காலம் வரைக்கும் யாரும் எடுத்துக்கலேன்னா எல்லாரும் சேர்ந்து கைவிட்டதா அர்த்தம். உடையவங்க கைவிட்டது ஆளில்லாப் பொருள்தான்."

"நேரம் போனா மட்டும் போதுமா? கைவிடற மனசு வேண்டாமா?"

"வேணும். அந்த மனசு இருக்குன்னு சும்மா இருந்ததை வச்சு முடிவு பண்றோம்."

"சரி, உரிமை எப்ப போகுது? தூக்கிப் போட்ட நிமிஷமா, இன்னொருத்தன் எடுத்த நிமிஷமா?"

"அதுல ரெண்டு கட்சி உண்டு" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எந்தக் கட்சியில் எந்தச் சட்ட அறிஞர், யார் யாரை மறுத்தார், அடிமையை விடுவிக்க எத்தனை வழி, பாதுகாவலன் எப்போது விலகலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பன்னிரண்டு வருஷம் முதல் வருஷ வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பாடம் தெரியாமலா இருக்கும்? தரையில் இருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நானும் கேட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பேச்சில்தான் விழுந்தேன் என்பது ஞாபகம் வந்தது, கோபத்தை மீறி எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கௌதென்சியோ மட்டும், "டேய், நிறுத்துடா" என்று இரண்டு தடவை ஒப்புக்குச் சன்னமாகச் சொன்னான். எவரிஸ்தோ காதில் அது விழவில்லை.

"ஆகவே என் ஆணையில ஒரு எழுத்துகூடத் தப்பில்லை" என்று முடித்து, அங்கியைத் தோளில் வீசிப் போட்டுக்கொண்டான்.

"இல்லைதான்" என்றார் ப்ரொஃபசர். "பத்து போடலாம்னு வந்தேன். இருபதுக்குப் பதினெட்டு. வாழ்த்துகள், டாக்டர் எவரிஸ்தோ."

பட்டம் வாங்கிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் டாக்டர்தான். அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. மற்றவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டம் வாங்கியவனை முற்றத்துக்குத் தூக்கிப் போய் அங்கியை மட்டும் விட்டுவிட்டு உடுத்தியிருப்பதைக் கிழிப்பது எங்கள் வழக்கம். அன்பில் செய்வதுதான். கௌதென்சியோ முதல் ஆளாகச் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அன்பு எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஐந்தே நிமிஷத்தில் என் மகாராஜா ஷூவோடும் அங்கியோடும் நின்றான். முற்றத்துச் சுவரில் இருந்த அறிவிப்பில் அவன் பெயரை அடித்துவிட்டுக் கௌதென்சியோ தன் கையெழுத்தைப் போட்டான்.

"வியாழக்கிழமை ஊர்வலத்துக்கு நான்தானே முன்னாடி நடக்கணும்?" என்று எவரிஸ்தோ கேட்டான்.

"பட்டதாரிங்க ஓரமா நின்னு பாக்கலாம் டாக்டர்" என்றான் கௌதென்சியோ, ரொம்ப மரியாதையாக.

கூட்டம் புது டுக்ஸுக்குப் பின்னால் போய்விட்டது. தலை குனிந்து போன புதுப் பிள்ளைகளில் ஒருவன்கூட இவனுக்காகக் குனியவில்லை. இவன் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தான். திட்டுவதற்கு வெள்ளிக்கிழமையிலிருந்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவனுக்குப் பல் தந்தியடித்தது. குளிரில் இல்லை, பயத்தில். இத்தனை வருஷமாக அவன் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அவன் பயந்தவன்.

"இசௌரா, நாளைக்குக் காலைல எழுந்து நான் என்ன பண்ணணும்?"

"முதல்ல ஒரு பேன்ட் போடணும்."

"சரி. அப்புறம்?"

ஏழு வருஷமாக இவன் பாஸாக வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதுவும் கேட்டதில்லை. அதற்கு மறுநாளைப் பற்றி யோசித்ததே இல்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, டுக்ஸ் முன்னால் நிற்கும் புதுப் பையன் மாதிரி, உத்தரவுக்காகக் காத்து நின்றான்.