பத்து விரல் நுனிகள்

அண்ணனின் பத்து விரல் நுனிகளிலும் ஊசி குத்திய சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவசரப் பிரிவு டாக்டர் லூ யிங் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தம்பி, பேராசிரியர் ஷென் குவோலியாங்கிடம் படித்தவள் அவள்.

"யாரு சார் குத்துனது?"

"வீட்டுல பெரியவங்க."

குத்தியது அண்ணி. கெட்ட ரத்தம் வடிந்தால் பக்கவாதம் இறங்கும் என்பது ஷாவ்ஷிங் ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். எலிகளை வைத்துப் பக்கவாதத்தையே ஆராய்ந்து பெயரெடுத்த பேராசிரியர், அண்ணி குத்தும்போது பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே அண்ணனின் எழுபதாம் பிறந்தநாள் விருந்து. சம்பந்திகள், ஊர்ப் பெரிய மனிதர்கள். ஷென் குடும்பத்துத் தலைமகனைக் கோணிய வாயோடு அவர்கள் முன்னால் தூக்கிப்போவதா? "அண்ணனுக்குப் போதை கொஞ்சம் ஏறிடுச்சு" என்று சிரித்து, பிறந்தநாள் நூடுல்ஸ் பரிமாறச் சொன்னவரும் அவர்தான்.

"எப்ப ஆரம்பிச்சது?"

அண்ணன் மகன் வெய்மின் முந்திக்கொண்டான். "சாயங்காலம் விருந்தாளிங்க போனப்புறம்தான். சித்தப்பா சொன்னாரே." பிறகு அவர் பக்கம் திரும்பினான். "சித்தப்பா, செல்லு தன் குப்பையைத் தானே தின்னு பிழைக்கும்னு டிவியில பேசுனீங்களே, அந்த மருந்தை அப்பாவுக்குப் போடுங்க."

"அது எலிக்குத்தான்டா. மனுசனுக்கு இன்னும் வரல."

வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பார். மைட்டோகாண்ட்ரியா, செல்லின் அடுப்பு. ரத்தம் நின்றதும் பழுதாகி நஞ்சு கக்கும். பழுதானதை அடையாளம் கண்டு தானே விழுங்கிவிடுகிற செல் பிழைக்கும். உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிற செல் சாகும்.

லூ யிங் குரலைத் தாழ்த்தினாள். "இப்பதான்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவேன் சார். நாலரை மணி நேரம் கடந்திருந்தா அதே ஊசி மூளையில ரத்தத்தைக் கொட்டிடும். உங்க வார்த்தையை நம்பித்தான் போடப்போறேன்."

கதவருகே அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்றா, சொல்லாதே என்றா, தெரியவில்லை.

"மத்தியானமே," என்றார். "நூடுல்ஸ் வர்றதுக்கு முன்னாடி. பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சித்தப்பா?"

லூ யிங் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள். "ஸ்கேனுக்குக் கொண்டுபோங்க. ரத்தக்குழாயில கம்பி விட்டுக் கட்டியை எடுக்க முடியுமான்னு பார்ப்போம்."

ஸ்ட்ரெச்சர் வண்டியோடு அவரும் ஓடினார். லிஃப்ட் திறந்தது. உள்ளே, எப்படியோ செய்தி எட்டி, பழக்கூடைகளோடு சம்பந்திகள் நின்றிருந்தார்கள். அண்ணனின் கடைவாயில் எச்சில் வழிந்தது. குவோலியாங்கின் கை தன்னையறியாமல் போர்வையை மேலே இழுத்தது. வாயை மூடினால், பிணத்துக்கு மூடுவதுபோல் முகமே மூடிவிடும். பாதியில் நின்றது கை.