படகு எஞ்சின் போட்ட ஜீப்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் ஜீப் தன் காலால் ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் பழைய இரும்புக்கடைக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். புருஷனுக்கும் நர்ஸான பெண்டாட்டிக்கும் நடந்த ஒப்பந்தம் இவ்வளவுதான்.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். மாமனாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை, ஷெட் அவருக்கு அறையாக வேண்டும். நியாயமான காரணம். நியாயமாக இருந்ததால்தான் நர்ஸுக்கு எரிச்சல். கணவர் ஏதாவது அநியாயமாகச் சொல்லியிருந்தால் ஒரு சண்டை பிடித்து இன்னும் ஆறு மாதத்தைத் தள்ளியிருப்பாள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றலாவதற்கு முன்பு, பதினோரு வருஷம் இதே ஜீப்பின் பின் சீட்டில் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை முகாம்களுக்குப் போனவள் அவள். ஓடை, சேறு, பாறை எல்லாவற்றிலும் ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு டிரைவராவது ஸ்டியரிங்கைத் தொடவிட்டாரா? "சிஸ்டர், நீங்க ஊசிய பாருங்க, நான் ரோட்ட பாக்கறேன்" என்பார்கள். ஆஸ்பத்திரி ஜீப்பைக் கழித்துக்கட்டி ஏலம் விட்ட அன்று கை தூக்கியவள் அவள் ஒருத்திதான். லைசென்ஸ் எடுத்தாள். நாலு வருஷமாகத் தகரத்தை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, பிரேக்கை மாற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்து முடித்தாள். எஞ்சின் மட்டும் வெடிப்பு விட்டுச் செத்துக் கிடந்தது. ஒரே ஒரு தடவை அதை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அது முடியாமல் ஜீப் லாரியில் ஏறிப் போகக்கூடாது.

புது எஞ்சினைக் கொண்டுவந்தது அவளுடைய தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "அது ஒண்ணும் பெரிய விஷயமில்லக்கா" என்பான். அதே இரும்புக்கடையில் ஒரு பழைய சுற்றுலாப் படகை உடைத்திருந்தார்கள். அதில் இரட்டைப் பிறவி மாதிரி இரண்டு எஞ்சின்கள். அதில் பெயிண்ட் நன்றாக இருந்த ஒன்றைப் பார்த்து எடுத்து வந்துவிட்டான். படகு எஞ்சினையும் ஜீப்பின் பழைய கியர் பெட்டியையும் சேர்க்க, லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் ஒரு தகடு கடைந்து வாங்கினார்கள். படகு எஞ்சினுக்கு விசிறி கிடையாது, அது தண்ணீரில் குளிர்ந்துகொள்ளும். அதனால் ஜீப்பின் பழைய விசிறியையும் ரேடியேட்டரையும் அதற்கு மாட்டினார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு எஞ்சின் சங்கிலிக் கப்பியில் தொங்கியது. நர்ஸ் பச்சைத் துணி விரித்து ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். போல்ட்டுகள் ஆஸ்பத்திரிக் கிண்ணங்களில், கிண்ணத்துக்கு ஒரு பிளாஸ்திரிச் சீட்டு.

"இன்னும் கொஞ்சம் எறக்கு. நிறுத்து! ஒரு நூல் இடது பக்கம்."

"அக்கா, சங்கிலிக்கு நூல் கணக்கெல்லாம் தெரியாது."

"உனக்குத் தெரியுமில்ல? தள்ளு."

இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அசையவில்லை. ஆட்டினார்கள், அசைத்தார்கள், தம்பி எஞ்சினைக் கெஞ்சினான், பிறகு திட்டினான். திடீரென்று 'ணங்' என்று ஒரு சத்தம். கியர் பெட்டியின் தண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு இரும்பு முகங்களுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. நர்ஸ் கிரீஸ் கையோடு தம்பியின் கன்னத்தைக் கிள்ளினாள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

போல்ட் முடுக்கிக் கிண்ணங்கள் காலியானதும் அவள் முடுக்கிய போல்ட்டுகளை எண்ணினாள். பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் பதிமூன்று.

"ஒண்ணு கொறையுது."

"ஒண்ணு தானேக்கா, விடு. மணி ரெண்டாகுது."

"எண்ணிக்கை சரியாகாம நான் எந்த வயித்தயும் தைக்க விட்டதில்ல. எடு."

அரை மணி நேரம் தேடினார்கள். கடைசியில் அது தம்பியின் சட்டைப் பையில், அவன் பீடிக்கட்டோடு இருந்தது. அவன் முகத்தில் அசடு வழிந்தது.

மூன்றரை மணிக்கு லாரி வந்து வாசலில் நின்றது. இரும்புக்கடைக்காரர் இறங்கி, ஒரு டீயை வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டார். கணவர் அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேச்சு மாறாதவர் என்று பேர் வாங்கியவர். இன்று அந்தப் பேரை நினைத்து அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. மாமனார் ஷெட் வாசலில், ஜீப்பின் மூக்குக்கு நேராக, நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர். கழுத்தில் பழைய விசில் தொங்கியது.

"எனக்கு ரூம் இல்லாட்டியும் பரவால்லம்மா. ஜீப்புலயே படுத்துக்கறேன்" என்றார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றார் கணவர்.

நர்ஸ் டிரைவர் சீட்டில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது, நின்றது. மறுபடி திருப்பினாள். இருமியது, நின்றது. தம்பி மூடியைத் திறந்து எதையோ தட்டினான். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். பிடித்துக்கொண்டது! ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது, கிண்ணங்களெல்லாம் கிலுகிலுத்தன, மாமனாரின் பேப்பர் கையை விட்டுப் பறந்து தெருப் பக்கம் போனது. தம்பி குதித்தான். நர்ஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினாள்.

மணி மூன்று ஐம்பது.

கிளட்ச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, மெல்ல விட்டாள். ஜீப் அசைந்தது. ஆனால் பின்னால் போனது. பெயிண்ட் டப்பாக்கள் சரிந்து உருண்டன. சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

"அக்கா! ரிவர்ஸ்ல போட்டுட்ட!"

"ஃபர்ஸ்டுலதான்டா போட்டேன்!"

இரண்டாவது போட்டாள். ஜீப் இன்னும் வேகமாகப் பின்னால் போய்ச் சுவரில் பம்பரை இடித்து நின்றது. கிளட்ச்சை மிதித்தாள், எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இனி பின்னால் போகவும் இடமில்லை. கணவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். இரும்புக்கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

நர்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு வருஷம். நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஏம்மா," என்று மாமனார் தெருவிலிருந்து பேப்பரைப் பொறுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். "இந்த வண்டி காத்து ஏன் என் மேல அடிக்குது? மூஞ்சியெல்லாம் தூசி."

அவள் அவரையே பார்த்தாள். முகாமுக்குப் போகிற வழியில் வண்டி சூடாகும்போதெல்லாம் டிரைவர் ரேடியேட்டர் முன்னால் கைக்குட்டையைப் பிடிப்பார். விசிறி இழுக்கிற இழுப்பில் கைக்குட்டை அப்படியே ஒட்டிக்கொள்ளும். விசிறி காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது வெளியே தள்ளுகிறது.

"டேய் தம்பி! இந்த எஞ்சின் தலைகீழா சுத்துதுடா!"

"எஞ்சின் எப்படிக்கா தலைகீழா..."

"சுத்தும்," என்றார் இரும்புக்கடைக்காரர், நிதானமாக. "ரெட்டை எஞ்சின் படகுல ஒண்ணு இப்படி சுத்தும், ஒண்ணு அப்படி சுத்தும். ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா படகு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிடும்ல?"

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"ஜீப்புக்குன்னு சொல்லலயே. உங்க தம்பி பெயிண்டுதான் பாத்தாரு."

தம்பி தரையைப் பார்த்தான். அவனைத் திட்ட நேரமில்லை. முன்னால் போகிற கியரெல்லாம் பின்னால் போனால், பின்னால் போகிற கியர்? அவள் கியர்க் கம்பியை ரிவர்ஸுக்குத் தள்ளினாள்.

"மாமா, ஓரமா வாங்க!"

மாமனார் ஓரமாகப் போய் நின்று, விசிலை வாயில் வைத்து, ரயிலுக்கே கேட்கிற மாதிரி ஊதினார்.

ஜீப் முன்னால் வந்தது. ஒரு அடி, இரண்டு அடி. ஷெட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு ஏற்றம், அங்கேதான் அவளுக்குப் பயம். ஆனால் ரிவர்ஸ் கியருக்கு வேகம்தான் குறைவு, இழுவை அபாரம். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கியர் பெட்டி ஊளையிட்டது, ஜீப் முக்கி முனகி ஏறி, மூக்கை வெயிலில் நீட்டி, நாலு சக்கரத்தோடும் தெருவில் வந்து நின்றது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"வந்துருச்சு! வந்துருச்சு!" தம்பி தெருவையே கூட்டிவிட்டான்.

கணவர் ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ரிவர்ஸ்லதானே வந்துச்சு" என்றார்.

"எந்த கியர்ல வரணும்னு பேச்சே இல்லயே" என்றாள்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

"ஏறுங்க மாமா" என்றாள் நர்ஸ். மாமனார் பின் சீட்டில், அவள் பதினோரு வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். கடைசிப் பெட்டியிலேயே காலத்தைக் கழித்தவருக்குப் பின்னால் போவது ஒரு விஷயமா? அவர் விசில் ஊதிக் கையசைக்க, அவள் முதல், இரண்டு, மூன்று என்று கியர் மாற்றித் தெருக்கோடி வரை பின்னாலேயே பறந்தாள். பிறகு ரிவர்ஸில் நத்தை மாதிரி முன்னால் திரும்பி வந்தாள். வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்தன. ஒருத்தர் வாயில் பல் குத்தும் குச்சியோடு அப்படியே நின்றார். அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை. ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது.

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கணவர் இரும்புக்கடைக்காரரின் லாரிப் படியில் ஒரு காலை வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். தன்னை ஏமாற்றிவிட்டு ஜீப்பை அனுப்பத்தான் பேசுகிறாரோ என்று அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது. எஞ்சினை அணைத்தாள். அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அந்த இன்னொரு எஞ்சின் இருக்குல்ல, அத யாருக்கும் குடுத்துடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழம கொண்டாந்து இங்க வாசல்லயே எறக்குங்க. நான் ஒரு கை பிடிக்கறேன்."