வெப்பமானிப் பெட்டியில் ஒரு கேரியர்

வானிலை நிலையத்தில் அவரை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவியின் கோபத்தைக்கூட "இன்னைக்கு முப்பத்தெட்டு" என்று அளந்து சொல்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வாராவாரம் வட்டாரத்துக்கு வானிலை முன்னோட்டம் எழுதி வானொலிக்கு அனுப்புவது அவர் வேலை.

அந்த வருஷத்துப் பின்பனி லேசுப்பட்டதில்லை. காலையில் கொட்டாவி விட்டவர்கள் வாயை மூட மத்தியானம் வரை காத்திருந்தார்கள். குளிர் ஏற ஏற டிகிரி வீட்டு அடுப்பும் ஏறியது. அவர் மனைவி சாப்பாட்டைக் கொதிக்கக் கொதிக்கக் கேரியரில் அடைத்து அனுப்பினாள். மூடியின் மேல் துணி துவைத்துக் காயப் போடலாம், அப்படி ஒரு சூடு.

அதை எங்கே பத்திரப்படுத்துவது? மேசையில் வைத்தால் தட்டச்சர் மோப்பம் பிடித்து, பத்து மணிக்கே மேலடுக்கைக் காலி செய்துவிடுவார். நிலையத்துப் புல்தரையில் நாலு கால் போட்டு ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. சுற்றிலும் சாய்வுப் பலகை, உள்ளே வெப்பமானி. அதற்குப் பூட்டு உண்டு; சாவி டிகிரியிடம். ஏழரைக்குக் கேரியரை அதற்குள் வைத்துப் பூட்டுவார். எட்டு மணிக்குத் திறந்து, கேரியரை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வெப்பநிலையை வாசிப்பார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க, முப்பத்தோரு வருஷ அனுபவம் இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை நாலு டிகிரி. செவ்வாய் ஏழு. புதன் பத்து. மற்ற நிலையங்கள் குளிர் கூடுவதாகச் சொல்லின. அங்குள்ளவர்கள் தூக்கக் கலக்கத்தில் படித்திருப்பார்கள் என்று டிகிரி தள்ளிவிட்டார். 'பின்பனி தளர்கிறது. உறைபனிக்கு வாய்ப்பில்லை' என்று எழுதி அனுப்பினார்.

தங்கை கணவர் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். எட்டாயிரம் தக்காளி நாற்று, கண்ணாடிக் கொட்டகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. முன்னோட்டத்தைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மச்சான், வெளிய எடுத்து வைக்கலாமா?"

"தைரியமா வைங்க மாப்பிள்ளை. நான் சொல்றேன்ல?"

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எட்டாயிரமும் வெந்த கீரைபோலக் கறுத்துச் சாய்ந்து கிடந்தன. தங்கை போன் செய்தாள். திட்டியிருந்தால் தேவலை, அழுதாள். டிகிரி ஓட்டமாக நிலையத்துக்குப் போய், வழக்கம்போலக் கேரியரை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். எட்டு மணிக்குத் திறந்து மூக்குக் கண்ணாடியோடு குனிந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. துடைத்தார். மறுபடியும் படிந்தது. வெப்பமானி பன்னிரண்டு காட்டியது; காலடியில் புல் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. கேரியரைப் பார்த்தார்; மெல்ல வெளியே எடுத்தார். உடம்பில் இருந்த சூடெல்லாம் காதுக்கு ஏறியது.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். கூடவே மேலதிகாரி அம்மாவும் வந்தார். முன்னோட்டம் பொய்த்த விஷயம் அதிகாரிக்கு எட்டியிருந்தது. மாப்பிள்ளையோ டிகிரியின் தோளில் கைபோட்டு, வானத்தை யாரால் கட்டிவைக்க முடியும், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்று ஆறுதல் சொன்னார். செத்த நாற்றுக்குச் சொந்தக்காரர் ஆறுதல் சொல்ல, கொன்றவர் கேட்டுக்கொண்டு நின்றார். பூமி பிளந்தால் டிகிரி முதல் ஆளாகக் குதித்திருப்பார், அது பிளக்கவில்லை.

மேலதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். பழைய வெப்பமானி பழுது, கழித்துவிடலாம், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஒரே ஒரு கையெழுத்து. பழி முழுக்கக் கண்ணாடிக் குழாய் மேல் போய்விடும். டிகிரி பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், தெர்மாமீட்டர்ல வெங்காயம் வதக்கின வாசனை அடிக்குது?"

தப்பிக்க இன்னமும் வழி இருந்தது. தட்டச்சரின் மேல் போட்டிருக்கலாம். டிகிரி பேனாவை மூடினார்.

"அது மேல தப்பில்லீங்கம்மா. என் சாப்பாட்டை அதுக்குள்ளதான் வெச்சேன். வாரம் பூரா." "மாப்பிள்ளை, உங்க நாத்தைக் கொன்னது குளிர் இல்ல. நான்."

மாப்பிள்ளை, டிகிரியின் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலதிகாரி படிவத்தை நாலாக மடித்தார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தையா என்று டிகிரி நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று மாலை வானொலியில் முன்னோட்டத்துக்கு முன்னால் ஒரு திருத்தம் வாசித்தார்கள், 'வெப்பநிலையை வாசித்தவரின் தவறு' என்ற வார்த்தைகளோடு. அதை அவரே எழுதியிருந்தார். வட்டாரமே கேட்டது, தங்கையும்.

மறுநாள் எட்டு மணிக்கு வேலிக்கு வெளியே மாப்பிள்ளை நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"கேரியரைக் குடுங்க. நான் பிடிச்சுக்கிறேன். நீங்க படிச்சுச் சொல்லுங்க."

அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. அதற்கப்புறம் தினமும் வந்தார். கேரியரை வாங்குவார், கேட்பார், போவார். உபரியாக ஒரு வார்த்தை கிடையாது. டிகிரிக்கு ஒவ்வொரு எட்டு மணியும் ஊர் நடுவே சட்டையில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

பதினாறாம் நாள் புல்லில் வெள்ளையே இல்லை. டிகிரி பெட்டிக்குள் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"கேரியர் என் கையிலதான் இருக்கு," என்றார் மாப்பிள்ளை. "சொல்லுங்க."

"ஒன்பது," என்றார் டிகிரி, தனக்கே கேட்காத குரலில்.

மாப்பிள்ளை தலையாட்டினார். கேரியரை வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, புது விதை போடப் போனார்.