நாளுக்கு நான்கு சாவு

அமெரிக்க மலையூரான ஹார்லன் கல்ச்சில் செப்புச் சுரங்கத்தை மூடிய பிறகு எனக்குக் கிடைத்த வேலை சாவதுதான். காலை பத்து, பகல் பன்னிரண்டு, இரண்டு, நான்கு. திங்கட்கிழமை விடுமுறை. சுற்றுலாப் பயணிகளின் டிராலி வண்டி மூன்றாவது நிறுத்தத்தில் வந்து நின்று மணி அடித்ததும், பழைய வங்கிக் கட்டடத்தின் கதவை உதைத்துத் திறந்துகொண்டு, தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு நான் வெளியே பாய வேண்டும். எதிரே ஊர்க் காவலதிகாரியான ஷெரீஃப் நிற்பார். இரண்டு வெடி. முதல் வெடிக்குத் தடுமாறி, இரண்டாவதற்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் மேல் விழ வேண்டும். வண்டியில் இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

டிராலி என்று பெயர்தானே தவிர தண்டவாளம் கிடையாது. பழைய பள்ளிப் பேருந்தின் பக்கங்களை அறுத்து, மரப்பலகை அடித்து, சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள்.

என்னை வேலைக்கு எடுத்த மேலாளர் திருமதி ஆஸ்குட் என் முகத்தைவிட இடது கையைத்தான் அதிகம் பார்த்தார். அதில் இரண்டு விரல்கள் இல்லை, பாறை கொண்டுபோய்விட்டது. ‘ஓநாய்’ என்ற கொள்ளைக்காரனுக்கு இப்படி ஒரு கைதான் வேண்டும் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். முப்பத்தொரு வருடம் பூமிக்கடியில் கல் அள்ளி, நெஞ்சு முழுக்கத் தூசியோடு மேலே வந்தவனுக்கு அந்த ஊரில் வேறு யாரும் வேலை தருவதாக இல்லை. ஒப்புக்கொண்டேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது.

ஷெரீஃபாக நின்றவன் வெர்ன் டட்டில். சுரங்கத்தில் ஆள் ஏற்றும் கூண்டை இயக்கியவன். இருபது வருடம் என்னைப் பத்திரமாகக் கீழே இறக்கி, பத்திரமாக மேலே தூக்கியவன் இப்போது என்னைச் சுட்டுக்கொண்டிருந்தான். உன்னை அத்தனை தடவை உயிரோடு கொண்டுவந்ததற்கு இப்போதுதான் கணக்கைச் சரிசெய்கிறேன் என்பான். மத்தியானம் இருவரும் அந்த வைக்கோல் மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

விடுமுறையான திங்கட்கிழமைகளில் நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தேன். கண்ணில் படுவதையெல்லாம் வாசியுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். சோப்பு உறை, மின்சாரச் சீட்டு, கடைப் பலகை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

நான் செத்து விழும் இடத்துக்கு எதிரே ஒரு பலகை இருந்தது. பழுப்பு நிறத்தில், வெள்ளை எழுத்து. வழிகாட்டிப் பெண் டார்லீன் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் பேசி முடிக்கும் வரை நான் பிணம். தொப்பி பாதி முகத்தை மறைத்திருக்கும். மறையாத கண்ணுக்கு நேரே அந்தப் பலகை. பொழுது போக வேண்டுமே என்று வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு சாவுக்கு ஒரு சொல். நல்ல வெளிச்சமாக இருந்தால் இரண்டு.

இரண்டாம் நாளே டார்லீன் என்னைக் கண்டித்தார். பிணத்தின் உதடு அசைகிறது என்று ஒரு பெண்மணி புகார் சொன்னாராம். அதற்குப் பிறகு உதட்டை அசைக்காமல் வாசிக்கப் பழகினேன். நூலக வகுப்பில் என்னைத் தவிர யாருக்கும் அது வரவில்லை. எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஆசிரியை கேட்டபோது வேலையிடத்தில் என்று மட்டும் சொன்னேன்.

இந்த இடத்தில் என்று தொடங்கியது பலகை. பிப்ரவரி, 1917 என்று போயிற்று. வங்கி வந்தது. கொள்ளை என்ற சொல் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. சனிக்கிழமை நான்கு மணிச் சாவில் ஒரு பெயருக்கு வந்து சேர்ந்தேன். முதல் பாதியை எழுத்தெழுத்தாகக் கூட்டினேன்: ஃபாக்குந்தோ. இரண்டாம் பாதியைக் கூட்டத் தேவைப்படவில்லை. நான் எழுதப் பழகிய முதல் சொல்லே அதுதான். ஆர்ரியாகா. என் குடும்பப் பெயர்.

வண்டி போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. வெர்ன் வந்து பூட்ஸ் முனையால் தட்டி, நிஜமாகவே போய்விட்டாயா என்று கேட்டான்.

ஃபாக்குந்தோ என் அப்பாவின் அண்ணன். அந்த வருடம் பிப்ரவரியில் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். கீழ்ப்பள்ளத்தில் குடியிருந்த எங்கள் மெக்சிக்க ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அந்த அடுப்புக்காகப் பிரதான வீதியிலிருந்து ஒரு மூட்டை மாவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த பெரியப்பாவை, கம்பெனி கூலிக்கு வைத்திருந்த காவலாட்கள் முதுகில் சுட்டார்கள். பதினொரு வயதில் அவர் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தவர் என் அப்பா. தெருவெல்லாம் மாவு என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

மூட்டை உண்மைதான். அதைத்தான் பதினான்கு மாதமாக நான் தோளில் வைத்துக்கொண்டு வந்து, பணம் என்று சொல்லவைத்து, செத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். டார்லீன் ஒலிபெருக்கியில் ஓநாய் என்று மட்டும்தான் சொல்வார். பலகைக்குத்தான் அந்த ஓநாயின் பெயர் தெரிந்திருந்தது.

மறுநாள் பத்து மணி வண்டிக்கு முன்பே திருமதி ஆஸ்குட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தார். அதே பெயரில் வேறு ஒருவராக இருக்கலாம் என்றார். பலகை நாங்கள் எழுதியதல்ல, வைக்கும்போதே அப்படித்தான் வந்தது என்றார். நான் விடாமல் நின்றதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“லியாந்த்ரோ, மாவு மூட்டையப் பாக்க யாரும் மலையேறி வரமாட்டாங்க. உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அன்றும் நான்கு தடவை செத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை என் அக்கா தெயோஃபிலாவின் வீட்டுக்குப் போனேன். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கிடந்தவள். அந்த டிராலியில் அவள் ஏறியதே இல்லை. பிறந்த ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா என்பாள். வங்கி இருக்கும் பிரதான வீதிப் பக்கம் போவதும் அபூர்வம். சோளமாவைப் பிசைந்துகொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். பிசைவதை நிறுத்தவில்லை.

“எத்தன மாசமா?”

“பதினாலு.”

“நாளுக்கு நாலு தடவ.” கையை மாவிலிருந்து எடுத்தாள். “அவரு ஒரே ஒரு தடவதான்டா செத்தாரு.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“இப்பத் தெரியும்ல? நேத்து நாலு தடவ விழுந்தியே, அப்பத் தெரியும்ல?”

வேலை போய்விடும் என்றேன். போகும் என்றாள், நாளை மழை வரும் என்பதைப் போல. என்னைச் சாகாதே என்று அவள் சொல்லவில்லை. நாளைப் பகல் பன்னிரண்டு மணி வண்டியில் வருவதாக மட்டும் சொன்னாள்.

“நீ எப்படிச் சாவுறேன்னு நானும் ஒரு தடவ பாக்குறேன்.”

சொன்னபடி வந்தாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில், தேவாலயத்துக்குப் போடும் கறுப்பு உடையில், தொப்பியோடு. பக்கத்து இருக்கையில் அவளுடைய பெரிய பை. வண்டி நிறைய ஆட்கள். மணி அடித்தது. கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெர்ன் சுட்டான். நான் தடுமாறவில்லை. இரண்டாவது முறை சுட்டான். மூட்டையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். வெர்ன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

“லியோ, விழுடா.”

“மாட்டேன்.”

“முதுகு பிடிச்சிக்கிச்சா?”

“முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ சுடு.”

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று. நான்கு. சுரங்கத்தில் துளைகளில் மருந்து வைத்துத் திரி கொளுத்திவிட்டு வந்தால், ஒதுங்கி நின்று வெடிகளை எண்ணுவோம். எட்டுத் துளை என்றால் எட்டுச் சத்தம் காதில் விழ வேண்டும். ஒன்று குறைந்தால் அது பாறைக்குள் ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம், யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் போகலாம். எண்ணாமல் போனவன் கை விரல்களைப் பற்றித்தான் நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டீர்கள். அதனால் எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழாவது தடவை வெர்னின் துப்பாக்கி வெறுமனே ‘டிக்’ என்றது. வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் வண்டியை நோக்கி நடந்தேன்.

ஓநாய் இன்று இரும்புச் சட்டை போட்டிருக்கிறது போலிருக்கிறது என்று டார்லீன் ஒலிபெருக்கியில் சமாளித்தார். நான் படிக்கட்டில் ஏறி நின்று, தொப்பியைக் கழற்றினேன். இருமல் வந்தது. அது முடியும் வரை அவர்கள் காத்திருந்தார்கள்.

“அந்தப் பலகையில இருக்கிற ஃபாக்குந்தோ ஆர்ரியாகா என் பெரியப்பா. அவரு இந்த வங்கிக்குள்ள காலே வச்சதில்ல. வேலைநிறுத்தத்துல பட்டினி கிடந்தவங்களுக்கு மாவு தூக்கிட்டு வந்தாரு. முதுகுல சுட்டாங்க. இனிமே இங்க அவருக்காக நான் விழமாட்டேன்.”

இதுவும் நாடகம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டார்லீன் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு, கீழே இறங்கச் சொன்னார். கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். டிக்கெட் இல்லாதவர்களை ஏற்றினால் தன் வேலை போய்விடும் என்றார். அக்கா பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். பிறகு பையை மடிக்கு மாற்றி, பக்கத்து இருக்கையைக் கையால் துடைத்தாள்.

“உக்காருடா. வெயில்ல நிக்காத.”

உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டி அது எங்கே போகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் வண்டியின் பின்பக்கமும் புகையும்தான்.

ஐந்தாவது நிறுத்தம் கம்பெனியின் நீச்சல் குளம். இப்போது பூச்செடி வைத்திருக்கிறார்கள். சுரங்கக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றாகக் குளித்து மகிழ்ந்த இடம் என்று டார்லீன் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“நாங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான்” என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல். “சனிக்கிழமை தண்ணிய மாத்திருவாங்க.”

அந்தப் பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி முன்னால் குனிந்து, ஏன் அப்படி என்று அக்காவைக் கேட்டாள். மற்ற நாளெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு என்று அக்கா பதில் சொன்னாள். ஆறாவது நிறுத்தத்திலிருந்து ஆட்கள் முதலில் டார்லீன் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு அக்காவின் தொப்பியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சில இடங்களில் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கொல்லன் பட்டறையைப் பற்றி டார்லீன் சொன்னது முழுக்கச் சரி என்று ஒத்துக்கொண்டாள். எட்டாவது நிறுத்தத்தில் டார்லீனே ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு, இதுவாவது சரியா அம்மா என்று கேட்டார்.

வண்டி நிலையத்துக்குத் திரும்பியபோது திருமதி ஆஸ்குட் படியருகே நின்றார். வெர்ன் போன் செய்திருக்க வேண்டும், அவனைக் குறை சொல்லமாட்டேன். அலுவலகத்துக்குள் கூட்டிப்போய், தட்டச்சு அடித்த ஒரு தாளை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். பதினான்கு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோதும் இப்படித்தான் நீட்டினார். அன்று பெருக்கல் குறி போட்டுவிட்டு எழுந்தேன்.

இன்று தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எழுத்துக்கூட்டி, ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தேன். நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டுப் போவதாக எழுதியிருந்தது.

“இது தப்பு. நான் விட்டுப் போகல. நீங்கதான் நிறுத்துறீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுன்னா மாத்தி எழுதுறதுல என்ன கஷ்டம்? எதுக்கு நிறுத்துறீங்கன்னும் எழுதுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் சொருகிவிட்டு வெகுநேரம் விரலைத் தூக்கியபடியே இருந்தார். பிறகு அடித்தார். வாங்கி மறுபடியும் ஜன்னலுக்குப் போனேன். காரணம் என்ற இடத்தில் ‘சாக மறுத்தார்’ என்று இருந்தது.

இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கொரு படி வேண்டும் என்று கேட்டேன்.