பதில் வராத பெயர்

பிப்ரவரி ஒன்பதாம் நாள், ஞாயிறு முற்பகலில், ஒரு வீட்டுப் பட்டியலிலிருந்து ஒரு பெயர், அவ்வீட்டுப் பெண்ணைக் கேட்காமலேயே விடுபட்டது. விடுபட்டது என்பதுகூடச் சரியன்று. விட்டவர் ஒருவர் இருந்தார். அவர் அவளுடைய கொழுந்தன்.

அவர் கெட்டவர் அல்லர். ஒரு நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவர். அண்ணன் இறந்தபின், அண்ணி வீட்டில் எது பழுதானாலும் கூப்பிடுமுன் வந்து நிற்பவர். சனிக்கிழமை மின்னழுத்தம் எகிறியதில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறு பெட்டி புகைந்துபோயிற்று. அதுதான் அந்த வீட்டின் பெயர்ச் சேவையகம். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. எண்களை யார் நினைவில் வைப்பது? பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை.

பெயர்களை வைத்தவர் அவள் கணவர். முனகிக்கொண்டே வேலை செய்யும் அச்சுப்பொறி 'மாமியார்'. யாருடைய மாமியார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கூடத்தை அடைத்துக்கொண்டு அசைய மறுக்கும் தொலைக்காட்சி 'சம்பந்தி'. அவருடைய மடிக்கணினிக்கு மட்டும் அவள் பெயர் வைத்தாள்: 'துரை'. உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்து சேரவேண்டும் என்றிருந்த மனிதரின் கருவிக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

துரை இப்போது அலமாரியில், துணிகளுக்கு அடியில், மூடிக் கிடந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் அவள் சமையலறை மேசையில் தன் கணினியைத் திறந்து, கணவர் கற்றுக்கொடுத்த ஒரே கட்டளையால் துரையைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். இருபத்துமூன்று என்று எண் வரும். பிறகு, 'பதில் இல்லை' என்று வரும். மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். அழுவதில்லை. உப்பும் உறைப்பும் நாக்குக்குத் தெரியாததுபோல நாள்கள் போய்க்கொண்டிருந்தன.

ஞாயிறன்று கொழுந்தன் புதுப்பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பெயர்ப் பட்டியல் பழைய பெட்டியோடு போய்விட்டது. ஆகவே முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பதில் சொன்ன கருவிகளை மட்டும் எழுதினார். அவருடைய அலுவலகத்தில் அதுவே வழக்கம். பதில் சொல்லாத கருவி அங்கே கழித்துப்போட்ட கருவி. நிலையான எண் இல்லாதிருந்த சம்பந்திக்கு, காலியாகத் தெரிந்த இருபத்துமூன்றைக் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காயிற்று என்று கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அவள் துரையைக் கூப்பிட்டாள். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று வந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். அதே வரி. பதில் இல்லை என்பது வேறு. பெயரே இல்லை என்பது வேறு. அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"தம்பி, துரையை எடுத்துட்டீங்களா?"

"அது ஓடவே இல்லையே அண்ணி. ஓடாததுக்கு எதுக்குப் பேரு?"

"ஓடாட்டி பேரு போயிடுமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பழைய எண்ணைக் கேட்டார், அவள் சொன்னாள். அதைச் சற்றுமுன் யாருக்குக் கொடுத்தோம் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு நினைவில்லை. மளமளவென்று எழுதிச் சேர்த்துத் துரையைக் கூப்பிட்டுப் பார்த்தார். திரையில் வரிசையாகப் பதில்கள் விழுந்தன.

"பாருங்க அண்ணி, பதில் வருது."

அவள் கை நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டது. எதிரே தொலைக்காட்சியின் சிறு விளக்கு மினுக்கியது. பிடி தளர்ந்தது.

"பேசுறது சம்பந்தி. துரை இவ்வளவு சட்டுனு யாருக்கும் பதில் சொன்னதில்லை."

அவர் சிரிக்க முயன்று, முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் அலமாரியிலிருந்து எடுத்து ஓடவிடட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. எனக்குப் பதில் வேண்டாம். பேரு இருந்தாப் போதும்."

சம்பந்திக்கு வேறு எண் கொடுத்தார். அவள் மறுபடி கூப்பிட்டாள். இருபத்துமூன்று. பதில் இல்லை. கணினியை மூடிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பட்டியல் எழுத உட்காரும் வாசகரே, பதில் சொல்பவரை மட்டும் எழுதி முடித்துவிடாதீர். அடுத்த அறையில் ஒருவர் இருக்கிறார். எழுந்து போய் அவரைக் கேளும், பிறகு எழுதும்.