ஒன்றே முக்கால் அடி

நாட்டுக்காக உயிரைத் துச்சமாக எண்ணிய ஒரு வீரனை எந்தத் தெரு மறக்கிறதோ, அந்தத் தெருவை வரலாறு மறந்துவிடும். தெரு நலச் சங்கச் செயலாளர் இந்த வரியைப் பச்சை மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். நகராட்சியிலிருந்து அவர் பெயருக்கு நோட்டீஸ் வந்து அப்போது இருபது நிமிடம் ஆகியிருந்தது.

நோட்டீஸில் இருந்த விஷயம் இதுதான். செயலாளர் தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே கார் ஏறுவதற்காகக் கட்டிய சிமெண்ட் ரேம்ப், தெருச் சாக்கடையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் கடைசி வீட்டுத் தையல்கார அம்மாவின் கூடத்துக்குள் போகிறது. மாதக் கடைசியில் வந்து பார்ப்போம். மீறல் என்றால் இடிப்போம். மனு கொடுத்தது யார் என்று நகராட்சி எழுதவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. அந்தத் தெருவில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டு, அங்குலக் கணக்கோடு மனு எழுதுகிற ஆள் ஒருவர்தான். பட்டாளத்தார்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த இருபத்தாறு வருஷமாகப் பட்டாளத்தார் தெருவுக்குச் செய்த சேவை மனுதான். தெருவிளக்கு எரிவது அவர் மனுவால். குப்பை வண்டி முனையோடு திரும்பிப் போகாமல் உள்ளே வருவதும் அவர் மனுவால். சங்கத் தலைவர் வீட்டு மாடிப்படி அந்தரத்தில் பாதியோடு நிற்பதும் அவர் மனுவால்தான். அதனால் அவர் எதிரே வந்தால், அவர் வாங்கிக் கொடுத்த விளக்கு வெளிச்சத்திலேயே ஜனங்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவார்கள்.

"அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கப்போறோம்," என்றார் செயலாளர் மனைவியிடம்.

மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நேத்து வரைக்கும் அவர் வந்தா செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சுக்குவீங்க. இன்னிக்கு என்ன, பாசம் பொத்துக்கிட்டு வருது?"

"பாசம் இல்ல. கல்லு."

விளக்கினார். கறுப்புக் கல்லில் பட்டாளத்தாரின் பெயர், படைப்பிரிவு, சேவை எல்லாம் பொறிக்க வேண்டியது. அதை ரேம்பின் பக்கச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதிக்க வேண்டியது. போர் வீரர் பெயர் இருக்கிற கல்லின் மேல் எந்த அதிகாரி சம்மட்டி போடுவான்? அதற்கும் மேலாக, தன் பெயர் இருக்கிற சுவரை இடிக்கச் சொல்லி எந்த மனுஷன் மனு எழுதுவான்?

"முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல உக்காந்து இதைத்தான் கத்துக்கிட்டீங்களா?"

"இதை மட்டுமா," என்றார் அவர் அடக்கத்தோடு.

அன்று சாயங்காலமே நோட்டுப் புத்தகத்தோடு பட்டாளத்தார் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. மேஜை மேல் கார்பன் தாள் கட்டு, ஆணியில் மூன்று அளவு நாடா.

"போர்ல நீங்க செஞ்ச சாதனை ஏதாவது சொல்லுங்கண்ணே. கல்லுல போடணும்."

பட்டாளத்தார் கொஞ்சம் யோசித்தார். "நாடா கட்டினேன்."

"நாடாவா?"

"முன்னால போறவங்க கண்ணிவெடியை எடுத்துக்கிட்டே போவாங்க. எடுத்து முடிச்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் நான் முளை அடிச்சு வெள்ளை நாடா கட்டுவேன். பின்னால வர்ற பட்டாளம் அதுக்கு நடுவுல நடக்கும். உள்ள நடந்தா உயிரு. வெளிய கால் வச்சா இல்ல. அவ்வளவுதான் வேலை."

"துப்பாக்கி?"

"தோள்ல தொங்கிச்சு. ரெண்டு கையிலயும் நாடா இருக்குமே, தம்பி."

செயலாளர் 'கண்ணிவெடிக் காட்டில் சிங்கமென நடந்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

"ஒருநாள் காத்து," என்றார் பட்டாளத்தார், கேட்காமலே. "முளை ஒண்ணு சாஞ்சு, நாடா ஒரு முழம் தள்ளிப் போயிடுச்சு. நான் திரும்பிப் பாக்கல. பின்னால வந்தவன் நாடாவுக்கு உள்ளதான் கால் வச்சான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. விசாரணையில என்னமோ அவன் கவனமில்லாம நடந்தான்னு எழுதிட்டாங்க. முடிஞ்சா அதைக் கல்லுல போடுங்க."

செயலாளரின் பேனா நின்றது. ஏனோ குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். பார்த்துவிட்டு, "அவ்வளவுக்கு இடம் பத்தாதுண்ணே," என்றார்.

"பத்தாதுதான்," என்றார் பட்டாளத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை விழா. அறுபது நாற்காலி, மைக். சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தால், நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதே நகராட்சிப் பொறியாளர். செயலாளர் பேச்சில் சிங்கம் ஒன்பது தடவை வந்தது. ரேம்பின் சுவர் முழங்கால் உயரம்தான் என்பதால், திரையை விலக்கப் பொறியாளர் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்து இழுத்தார். கைதட்டல்.

தையல்கார அம்மா பட்டாளத்தாரிடம் மெல்லக் குனிந்தாள். வீட்டில் அவள் மிஷினை நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். "உங்க பேரு அழகா வந்திருக்குண்ணே. இனிமே இதை இடிக்கமாட்டாங்க, இல்ல?"

அவர் எழுந்து போய், கல்லை விரலால் வரிவரியாகத் தடவிப் படித்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"கல்லு நல்லா இருக்கு. என் பேரை இவ்வளவு பெருசா நான் எங்கயும் பாத்ததில்ல. என் வீட்டுக்காரி இருந்திருந்தா சிரிச்சிருப்பா. ஆனா இடம் ஒண்ணே முக்கால் அடி தள்ளி இருக்கு. விடிஞ்சதும் வந்து அளந்துட்டுப் போனேன். அன்னிக்கு ஒருதடவை நான் திரும்பிப் பாக்கல. இன்னிக்குப் பாத்துட்டேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பொறியாளரிடம் நீட்டினார். என் பெயர் பொறித்த கல்லையும், அது ஒட்டியிருக்கும் கட்டுமானத்தையும் சாக்கடை மேலிருந்து அகற்றக் கோரி மனு. படம் இணைப்பு. நகல், செயலாளருக்கு. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, விழா நாயகன் கொடுக்கிற தாளைச் சிறப்பு விருந்தினர் இரண்டு கையாலும் வாங்காமல் என்ன செய்வார்? வாங்கினார். அது நன்றிக் கடிதம் என்று நினைத்துத் தெரு மறுபடி கைதட்டியது. கூட்டத்தோடு சேர்ந்து செயலாளரும் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

வியாழக்கிழமை இடித்தார்கள். "கார் எப்படிங்க ஏறும்?" என்று செயலாளர் ஒவ்வொரு தொழிலாளியிடமும் தனித்தனியாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கல்லை உடையாமல் பெயர்த்துச் சங்க அறையில் சாத்தி வைத்தார்கள். பிற்பகலில் பெய்த மழை சாக்கடையோடு போயிற்று.

மழை விட்டதும் பட்டாளத்தார் வந்தார். காதில் பென்சில், கையில் நாடா. செயலாளர் கேட்டுக்கு முன்னால் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டின் மேல் 'கார் வெளியே வரும், வண்டி நிறுத்தாதீர்' என்ற பலகை.

"கோவமா, தம்பி?"

"கோவம் என்னண்ணே. கார் எப்படி ஏறும், அதைச் சொல்லுங்க."

"அதுக்குத்தான் வந்தேன். ரெண்டு பலகை போதும். கார் வரும்போது போடலாம், ஏறினதும் எடுத்துடலாம். பட்டாளத்துல லாரியையே அப்படி ஏத்தியிருக்கோம். நானே அறுத்துச் செஞ்சு தரேன். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி மட்டும் தெரியணும். கேட்டைத் திறங்க, காரை அளந்துக்கறேன்."

செயலாளர் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார். எடுத்தார். ஜன்னலில் மனைவி தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. பட்டாளத்தார் நாடாவை ஒரு முழம் இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தார்.

செயலாளரிடம் கார் கிடையாது.