பரண் தகரத்துல ஒரு ஓட்டை

என் தாளிக்கிற கரண்டியில ஈயம் காய்ச்சினானுங்க. மொதல்ல அதச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

என் கொழுந்தன் பிரவின் செஞ்சியில ஒரு டயர் கடையில வேலை செய்றான். கார் சக்கரம் ஆடாம ஓட அதுல ஒட்டற ஈயத்துண்டு அங்க கெடைக்கும். அத ஒரு டப்பா நெறையக் கொண்டாந்து, நான் கொல்லையில இருக்கற நேரமாப் பாத்து, என் அடுப்பைப் பத்தவெச்சு, என் கரண்டியில உருக்கியிருக்கான். நான் சோறாக்க வந்து பாத்தா கரண்டி கரிக்கட்டையா கெடக்குது.

"இன்னாடா இது?"ன்னேன்.

"தேய்ச்சுக் கழுவினா போயிடும் அண்ணி."

"ஈயம் காய்ச்சின கரண்டியில கடுகு தாளிச்சா குடும்பமே படுத்துடும்டா பாவி!"

என் வீட்டுக்காரர் செபாஸ்தியான் பக்கத்துலயே குந்திகினு இருந்தாரு. ஆறிப்போன துப்பாக்கிக் குண்டு ஒண்ண உள்ளங்கையில வெச்சு உருட்டிப் பாக்கறாரு, என்னமோ தங்கக் காசு கெடச்ச மாதிரி. "கரண்டி இன்னா கரண்டி, வேற வாங்கிக்கலாம். எல்லாம் உன் மல்லாட்டைக்காகத்தானே"ன்னாரு.

என் மல்லாட்டைக்காக! கேட்டுக்குங்க. அந்த மனுசன் வாயிலேருந்து வந்த வார்த்தை அது.

வல்லம் தாண்டி கல்குவாரிப் பக்கமா எங்க கொல்லை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்தோம். பிஞ்சு எறங்கற நேரத்துல பன்னி வர ஆரம்பிச்சுது. காட்டுப்பன்னி வந்துட்டுப் போன கொல்லைய நீங்க பாத்திருக்கீங்களா? ஏர் ஓட்டின மாதிரி இருக்கும். செடி ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். ரெண்டு பாத்தி போன அன்னிக்கு வரப்புல உக்காந்து மாரடிச்சுகினு அழுதேன். அப்புறம் கண்ணத் தொடச்சுகினு பரண் கட்டினேன். நான்தான் கட்டினேன். பக்கத்துக் கொல்லை ரசூல் பாய் பனங்கட்டை குடுத்து, கூட நின்னு நட்டுக் குடுத்தாரு. சாயந்தர வெயில் மூஞ்சியில அடிக்குதேன்னு மேக்குப் பக்கமா ஒரு தகரத்த நெடுக்கால அடிச்சேன்.

செபாஸ்தியானுக்குப் பனி ஒத்துக்காது. இடுப்பு வலி. ராத்திரி கண்ணு தெரியாது. சொல்லறதுக்கு ஒரு நோவா ரெண்டு நோவா! சரின்னு நானே போனேன். ராவெல்லாம் டின்னு தட்டிகினு, பாய் அந்தப் பக்கம் டார்ச் அடிக்க, நான் இந்தப் பக்கம் "ஹோ ஹோ"ன்னு கத்திகினு கெடந்தேன். விடிஞ்சா வீட்டுக்குப் போயி சோறாக்கி வெச்சுட்டு திரும்ப ஓடியாருவேன், ஏன்னா பகல்ல மயிலு. பன்னி விட்டத மயிலு கொத்திடும். மத்தியானத்துக்கு மேல மயில் கொஞ்சம் அடங்கும். அப்ப பரண் மேலயே தகரத்த ஒட்டினாப்ல ஒரு தூக்கம் போடுவேன். பழைய பொடவையைச் சுருட்டித் தலைக்கு வெச்சுக்கறது. என் ஒடம்பு தூங்கினது அந்த நேரம் மட்டுந்தான்.

எங்க மாமனார் காலத்துத் துப்பாக்கி ஒண்ணு வீட்டுல இருக்குது. லைசென்ஸ் உள்ளதுதான். பயிரக் காவல் காக்கக் குடுத்தது, பன்னியக் கொல்றதுக்கு இல்ல. சுட்டா கேஸுன்னு ஃபாரஸ்ட்காரங்க ஊர்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. கடையில வாங்கற தோட்டாவுல பொடிப்பொடியா ஈய ரவைதான் இருக்கும். சத்தத்துக்குப் பன்னி ஓடும், அவ்ளோதான். எனக்கு அதுவே போதும். அந்தச் சத்தத்தையாவது வந்து போடுய்யான்னு எத்தினி வாட்டி கூப்ட்டிருப்பேன்! ஒரு ராத்திரி வந்தாரு. கொசு கடிக்குதுன்னு போயிட்டாரு.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்குத் திடீர்னு என் மல்லாட்டை மேல பாசம் பொங்குதேன்னு பாத்தா, கதை வேற. தவக்காலம். நாப்பது நாளு கவிச்சி இல்லாம நாக்கு செத்துக் கெடக்குது எங்க ஆளுங்களுக்கு. தெருமுனையில டீக்கடை வெச்சிருக்கற தனகோட்டி இருக்கானே, அவனுக்குத் தவக்காலமும் இல்ல ஒரு எழவும் இல்ல, ஆனா பன்னிக்கறின்னா உசுரு. அவன் தூண்டிவிட்டிருக்கான். "ரவையில பன்னி சாயாது செபாஸ்தியான், ஒத்தக் குண்டு போட்டாத்தான் சாயும். ஈஸ்டருக்கு அடிச்சிடு. நான் கூறு பிரிச்சுக் குடுக்கறேன்"னு. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி பேரு வெச்சானாம்! பன்னி இன்னும் காட்டுல மேயுது, இங்க தெருவே கூறுக்குப் பேர் குடுத்துட்டுது. தொடை யாருக்கு, ஈரல் யாருக்குன்னு சண்டை வேற.

கூறுக்குப் பேர் குடுத்ததுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு ராத்திரி வந்து என்கூட டின்னு தட்டியிருப்பானா? பன்னிக்கறிய மோந்துகூடப் பாக்காத ரசூல் பாய்தான்யா என் கொல்லையையும் சேத்துக் காவல் காத்தாரு!

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிஞ்சு குருத்தோலைய வாங்கிகினு நேரா கொல்லைக்கு வந்து பரண்ல சொருகிட்டேன். எங்க பக்கம் எல்லாரும் செய்றதுதான், பயிருக்குக் காவல்னு. அன்னிக்குச் சாயந்தரம் குண்டு சுட்டுப் பாக்கப்போறோம்னு காலையிலயே பிரவின் சொல்லிட்டான்.

"எங்கடா?"ன்னு கேட்டேன்.

"குவாரிக் குட்டைக்குள்ள எறங்கி, பாறையப் பாத்து அண்ணி."

சரி, எங்கயோ போய்த் தொலைங்கன்னு விட்டுட்டேன். பாறையில வெடிச்சா எனக்கு இன்னா?

ஆனா குட்டைக்குப் போனதும் இந்தப் புத்திசாலிங்களுக்கு ஒரு யோசனை வந்திருக்குது. பாறையில பட்டா குண்டு திரும்பி நம்ம மேலயே வந்துடும்னு பிரவின் சொல்லியிருக்கான். அது சரிதான். சரியாச் சொன்னவன் வீட்டுக்குப் போயிருக்கணும். போகல. மேட்டுல ஏறி, கெழக்கால திரும்பி, நடுவுல நிக்கற மொட்டைப் பனைய குறி வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கானுங்க. பனைக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு எவனும் பாக்கல. ஏன்னா அவங்க பொறந்ததுலேருந்து பாத்தது ரவை. ரவை பனையத் தாண்டாது. அதுக்குள்ள செத்து விழுந்துடும். புள்ளைங்க அந்தாண்ட வெளையாடினாக்கூட, "அங்கல்லாம் வராது"ன்னு சொல்லிச் சொல்லியே பழகினவங்க. கையில இருக்கறது ரவை இல்ல, ஒத்தக் குண்டுன்னு கரண்டிய நாசம் பண்ணி அவங்களே ஊத்தினது. ஆனா புத்தி ரவையிலயே நின்னுட்டுது.

பனைக்கு அந்தாண்ட எங்க கொல்லை. கொல்லைக்கு நடுவுல பரண். பரண் மேல நான், தகரத்த ஒட்டிப் படுத்து, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறேன்.

"தங்கச்சி! கரண்ட்டு வந்துடுச்சு!"

ரசூல் பாய் கொரல். மூணு பேஸ் கரண்ட்டு அன்னிக்கு முன்கூட்டியே வந்துட்டுது. அத விட்டா மறுபடி எப்ப வருமோ. தூக்கத்துல எழுப்பினா எனக்கு ஆத்திரம்தான் வரும். பாயையும் திட்டி, கரண்ட்டையும் திட்டிகினு எறங்கிப் போயி மோட்டாரப் போட்டேன். பைப்புல தண்ணி வந்துச்சு. மூஞ்சியக் கழுவிகினு இருக்கறேன், டமார்னு ஒரு வெடி. சுடறானுங்கன்னு நெனச்சேன். நெனச்சு முடிக்கல, என் பரண்லேருந்து டங்குன்னு ஒரு சத்தம்.

தகரத்துல இன்னா சத்தம்? பக்கத்துல போய்ப் பாத்தேன்.

கட்டை விரல் நொழையற ஓட்டை. ஏணியில ஏறினேன். ஓட்டை என் தலகாணிக்கு நேரா இருக்குது. குண்டு பூந்து, பொடவைச் சுருட்டுக்கு மேலயே போயி, எதிர்ப்பக்கத்துப் பனங்கட்டையில பொதைஞ்சிருக்குது. பொடவை மேல தகரத் தூளு. நான் படுத்திருந்த குழி அதுல அப்படியே இருக்குது. என் தலை இருந்த குழி.

மாதாவே. கீழ எறங்கி மண்ணுலயே உக்காந்துட்டேன். பாய் ஓடி வந்து பாத்துட்டு, "யா அல்லா, நான் கூப்டலன்னா..."ன்னு ஆரம்பிச்சவரு, அப்படியே தலையில கைய வெச்சுகினாரு.

அப்பதான் அவனுங்க வந்தானுங்க. வரப்புல கூட வரல, செடிய மிதிச்சுகினு குறுக்கால. பிரவின், அவனுக்குப் பின்னாடி தோள்ல துப்பாக்கியோட என் வீட்டுக்காரர், கடைசியா தனகோட்டி. நான் மண்ணுல உக்காந்திருக்கறேன். மூணு பேரும் என்னத் தாண்டிப் போனானுங்க. பிரவின் ஏணியில ஏறி அந்த ஓட்டைக்குள்ள வெரல வுட்டான்.

"அண்ணே! இவ்ளோ தூரம் வந்துருக்குதுண்ணே!"

"பனையில பட்டு வந்துச்சா, படாம வந்துச்சா?"ன்னு கீழேருந்து தனகோட்டி கேக்கறான். "பட்டும் இவ்ளோ தூரம் வந்திருந்தா, பன்னி இன்னா, எருமையே சாயும்!"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினாரு. சரி, இந்தாளாவது கேப்பாருன்னு பாத்தேன். சிரிச்ச மூஞ்சியா சொல்றாரு:

"பாத்தியா ஜோசப்பினு, எப்படி நேரா வந்திருக்குது!"

தாலி கட்டின நாள்லேருந்து அந்த மனுசன் மேல கோவப்பட்டிருக்கேன். ஆனா அன்னிக்கு வந்ததுக்குப் பேரு கோவம் இல்ல. வயித்துலேருந்து ஏறி, கண்ணுல தண்ணியா வந்து, வாய்க்கு வரப்போ கொரலே மாறிப்போச்சு.

"யோவ். நான் பகல்ல எங்கயா தூங்கறேன்?"

முழிச்சாரு. "இன்னாத்துக்கு இப்ப..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ராவெல்லாம் முழிக்கறவ, எங்க படுத்துத் தூங்கறேன்?"

"வூட்டுலதான?"ன்னாரு.

பன்னி வர ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் வீட்டுல படுத்ததே இல்ல. அதே வீட்டுல அந்தாளு தெனமும் சாப்ட்டுட்டுக் காலாட்டிகினு தூங்கறாரு. பொண்டாட்டி பக்கத்துல இருக்கறாளா இல்லையான்னு திரும்பிப் பாக்கல. அடப்பாவி மனுசா! பன்னி எந்தப் பக்கமா வருது, எந்தப் பக்கமா போவுதுன்னு கேட்டா அச்சரம் பிசகாமச் சொல்லுவ!

"மேல ஏறு"ன்னேன்.

"ஏய், ஆளுங்க முன்னாடி..."

"ஏறுய்யா!"

என் கொரலுக்குப் பிரவின் தானா எறங்கிட்டான். அவரு ஏறினாரு. நானும் பின்னாடியே ஏறினேன். "படு. அந்தக் குழியில தலைய வெச்சுப் படு"ன்னேன். படுத்தாரு. பொழுது செஞ்சிக் கோட்டை மலைப் பக்கமா எறங்கிகினு இருக்குது. ஓட்டை வழியா வந்த வெயிலு தலகாணி ஓரத்துல ஒரு பொட்டா விழுந்துகினு இருந்துச்சு. பொழுது சாயச் சாய அது மெதுவா மேல ஏறுச்சு. தாடைக்கு வந்துச்சு. காதுக்கு வந்துச்சு. கடைசியில நெத்திப் பொட்டுல போய் நின்னுச்சு.

அங்க என் வெரல வெச்சேன். "இங்க"ன்னேன்.

அவரு அசையல. கண்ணு ஓரத்துலேருந்து தண்ணி வழிஞ்சு என் பொடவைச் சுருட்டு மேல விழுந்துச்சு. "ஜோசப்பினு"ன்னாரு. எனக்குப் பாவம் வரல. அந்த நேரத்துக்கு வரலங்க, நான் பொய் சொல்ல மாட்டேன்.

கீழ தனகோட்டி செருமினான். "அப்ப... ஈஸ்டருக்கு ஒண்ணும் இல்லயா?"ன்னான்.

"இருக்குது. வா, நீயும் ஏறிப் படு. இங்க ஒரு தலைக்கு எடம் இருக்குது"ன்னேன். போனவன் போனவன்தான். கொல்லைப் பக்கம் அவன் நெழல் கூட விழல.

மறுநாள் காலையில மொதப் பஸ்ல துப்பாக்கிய செஞ்சி ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துட்டோம். மிச்சக் குண்டெல்லாம் குவாரிக் குட்டைத் தண்ணியில. கூடவே என் கரண்டியும்.

இப்ப ராத்திரிக் காவலும் செபாஸ்தியான்தான், பகல்ல மயிலுக் காவலும் அவருதான், மத்தியானத் தூக்கமும் அந்தப் பரண் மேலதான். கொசு கடிக்குது, பனி பேயுது, இடுப்பு வலிக்குது, எல்லாம் இருக்குது, போறாரு. பன்னியும் வருது, அவரு டின்னு தட்டறாரு, பாய் டார்ச் அடிக்கறாரு. நான் வீட்டுல படுக்கறேன்.

நேத்து கேட்டாரு: "அந்த ஓட்டைய அடைச்சிடட்டா? வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது."

"அடைக்காத"ன்னுட்டேன். "நான் எங்க தூங்கினேன்னு அப்பதான் உனக்கு ஞாபகம் இருக்கும்."